ஓட்டுநர் இல்லாத டாக்ஸிக்கு எத்தனை பேர் வேண்டும்?

2024 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்களின் தூக்கம் விடியற்காலை நான்கு மணிக்கே கலைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த பார்க்கிங்கில், ஓட்டுநர் இல்லாத டாக்ஸி விடும் வேமோ நிறுவனத்தின் வெள்ளை ஜாகுவார் கார்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எந்தக் காரிலும் ஆள் கிடையாது. வேறொரு வண்டி பின்னால் நகர்ந்து மிக நெருங்கி வந்தால் ஹாரன் அடி என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெருவில் அது நல்ல பழக்கம்தான். வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன இடத்தில் கார்கள் எல்லாம் கூடி, முன்னும் பின்னும் நகர்ந்து இடம் பிடிக்கும்போது அதுவே சந்தைக்கடை ஆகிவிட்டது. மென்பொருளைத் திருத்தி நிறுத்தினார்கள்.

எல்லோரும் சிரித்த செய்தி இது. எனக்கு அந்த ஹாரனைவிட அந்தப் பார்க்கிங்தான் முக்கியமாகப் பட்டது. ஓட்டுநர் இருந்தால் சவாரி முடிந்ததும் வண்டியைத் தன் வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்வார். காலையில் ஒரு துணியை எடுத்துத் துடைப்பார். இருக்கையில் யாராவது காபியைக் கொட்டியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கழுவுவார். ஓட்டுவதற்கு மட்டும் கூலி வாங்குகிறார் என்று நாம் நினைக்கும் மனிதர் இத்தனை வேலையையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தார். அவரை எடுத்துவிட்டால், அந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனியாக ஆளும் இடமும் தேட வேண்டும். தானோட்டிக் கார் தொழிலுக்குத் திட்டம் போட்டவர்களில் பலர் இடறி விழுந்தது இந்த இடத்தில்தான்.

திட்டத்தின் மூலக் கணக்கு எளிமையானது. டாக்ஸிச் செலவில் பெரும்பங்கு ஓட்டுநரின் கூலி. அதை நீக்கினால் கட்டணத்தைக் குறைக்கலாம், வண்டியை இரவும் பகலும் ஓட்டலாம், லாபமும் பார்க்கலாம். தொழில்நுட்பம் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் அன்று ஆதாரம் இருந்தது. 2004 மார்ச்சில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா மொஹாவி பாலைவனத்தில் பத்து லட்சம் டாலர் பரிசுக்குப் போட்டி வைத்தபோது ஒரு வண்டியும் முடிக்கவில்லை. அதிகபட்சம் ஓடியது சுமார் 12 கிலோமீட்டர். அடுத்த ஆண்டே ஐந்து வண்டிகள் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையை முழுதாகக் கடந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’ பரிசை வென்றது. 2007-இல் போலி நகரத் தெருக்களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘பாஸ்’ வென்றது. 2009-இல் கூகுள் இதே ஆட்களில் பலரைச் சேர்த்துத் தன் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பின்னால் வேமோ ஆனது. மூன்று ஆண்டில் இவ்வளவு தூரம் வந்தால் இன்னும் ஐந்து ஆண்டில் எவ்வளவு என்று எல்லோரும் கோட்டை நீட்டிப் பார்த்தார்கள். 2019 ஏப்ரலில் எலான் மஸ்க், அடுத்த ஆண்டு டெஸ்லாவின் பத்து லட்சம் ரோபோ டாக்ஸிகள் சாலையில் இருக்கும் என்றார். டெஸ்லா முதன்முதலாக ஆஸ்டினில் டாக்ஸி விட்டது 2025 ஜூனில். கொஞ்சம் கார்கள்தான், முன்னிருக்கையில் கண்காணிக்க ஒரு ஊழியர் வேறு.

திட்டம் போடுபவரின் முதல் கேள்வி, எந்த ஊர் என்பது. காரைப் பற்றிய கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தத் துறையில் ‘எங்கும் ஓடும் கார்’ என்று ஒன்று இன்னும் இல்லை. இந்த எல்லைக்குள், இந்த வேகத்துக்குள், இந்த வானிலையில் ஓடும் என்று வரையறுத்த காரே உண்டு. வேமோ தன் சேவைக்கு முதலில் அரிசோனாவின் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர் பகுதியைப் பிடித்தது. வருடம் முழுக்க வெயில், அகலமான நேர்ச்சாலை, நடந்து போகிறவர்கள் குறைவு. 2018 டிசம்பரில் கட்டணச் சேவை, 2020 அக்டோபரில் ஓட்டுநர் இல்லாமலே பொதுமக்களுக்கு. ஆனால் கார் ஓட எளிதாக இருக்கும் இடத்தில் டாக்ஸிக்குக் கிராக்கி இருக்காது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு கார் நிற்கும் புறநகரில் யார் டாக்ஸி கூப்பிடுவார்கள்? சவாரி கொட்டிக் கிடப்பது சான் பிரான்சிஸ்கோ மாதிரி ஊரில். அங்கேதான் மேடு, பனிமூட்டம், இரட்டை வரிசையில் நிற்கும் லாரி, சிக்னலை மதிக்காத சைக்கிள் எல்லாம். எளிய ஊரில் வண்டி ஓடும், காசு வராது. கடினமான ஊரில் காசு வரும், வண்டி ஓட வேண்டும். அரிசோனாவில் பழகிவிட்டுத்தான் வேமோ சான் பிரான்சிஸ்கோவில் கடை விரித்தது. இந்த வரிசைக்குப் பல வருடம் பிடித்தது. தாங்கிக்கொள்ள, கூகுளுக்கும் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் என்ற வசதியான தாய்வீடு இருந்தது.

ஊரோடு சேர்ந்து வருவது சட்டம். அரிசோனா ஆளுநர் டக் டூசி 2015-இலேயே ஒரு ஆணை போட்டுக் கதவைத் திறந்துவிட்டார். கலிஃபோர்னியா அப்படி இல்லை. மோட்டார் வாகனத் துறையிடம் ஓட்டுநரோடு சோதிக்க ஒரு பெர்மிட், இல்லாமல் சோதிக்க இன்னொன்று, தொழிலுக்கு விட வேறொன்று. இழப்பீடு கொடுக்க 50 லட்சம் டாலருக்கு உத்தரவாதமும் காட்ட வேண்டும். பயணியிடம் காசு வாங்க வேண்டுமானால் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திடம் மறுபடி வரிசை. 2016 டிசம்பரில் ஊபர் இந்தப் பெர்மிட்டே தேவையில்லை என்று சான் பிரான்சிஸ்கோ தெருவில் காரை இறக்கியது. மாநிலம் அந்தக் கார்களின் பதிவை ரத்து செய்தது. ஊபர் கார்களை லாரியில் ஏற்றி அரிசோனாவுக்குக் கொண்டுபோனது, ஆளுநரும் வரவேற்றார். மிச்சப்படுத்தியதாக அன்று நினைத்திருப்பார்கள்.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பியில் ஊபரின் வால்வோ ஒன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் வெளிவந்ததைப் படித்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே சென்சார்கள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் கணினி அவரை ஒரு முறை வாகனம் என்றது, ஒரு முறை ஏதோ பொருள் என்றது, ஒரு முறை சைக்கிள் என்றது. பெயர் மாறும்போதெல்லாம் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்ற கணக்கை முதலிலிருந்து போட்டது. வால்வோ தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பிய அவசர பிரேக் வசதி, ஊபரின் கணினி ஓட்டும்போது அணைக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க உட்கார்ந்திருந்தவரின் கண் கைபேசியில். அரிசோனாவே பிறகு ஊபரின் சோதனையை நிறுத்திவைத்தது. 2020 டிசம்பரில் அந்தப் பிரிவை ஊபர், முன்னாள் கூகுள் பொறியாளர் கிறிஸ் அர்ம்சனின் தானோட்டி நிறுவனமான அரோராவிடம் ஒப்படைத்தது. கூடவே 40 கோடி டாலரை அரோராவில் முதலீடாகவும் போட்டது. பிரிவைக் கொடுத்ததோடு கையிலிருந்து காசும் கொடுத்த விற்பனை.

இனி வண்டிக்கு வருவோம். ஒரு காலத்தில் எல்லோரும் கவலைப்பட்டது லைடாருக்குத்தான். லேசர் துடிப்புகளை விட்டு, திரும்பி வரும் நேரத்தை வைத்துச் சுற்றுப்புறத்தை முப்பரிமாணத்தில் அளக்கும் கருவி அது. ஆரம்பத்தில் கார் கூரையில் சுழன்ற ஒன்றின் விலை சுமார் 75,000 டாலர், காரைவிட அதிகம். சொந்தமாகவே செய்து அந்தச் செலவை 90 சதவீதம் குறைத்துவிட்டதாக வேமோ 2017-இல் அறிவித்தது. வேமோவின் ஐந்தாம் தலைமுறைக் காரில் 29 கேமரா, 5 லைடார், 6 ரேடார். ஆறாம் தலைமுறையில் 13 கேமரா, 4 லைடார், 6 ரேடார். டெஸ்லா லைடாரே வேண்டாம், கேமரா போதும் என்கிறது. சீனாவில் பைடு தன் ஆர்டி6 டாக்ஸியின் விலையைச் சுமார் 28,000 டாலர் என்று 2024-இல் சொன்னது. விலை இறங்கும் பாதையில் இருக்கிறது. கணக்கில் இறங்காமல் நிற்பது வேறொன்று.

அதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் வேமோ வாரத்துக்கு 2,50,000 கட்டணச் சவாரி ஓட்டுவதாகச் சொன்னது. அடுத்த மாதம் சொன்னபடி கையில் இருந்த கார்கள் சுமார் 1,500. வகுத்தால் ஒரு காருக்கு வாரம் 167 சவாரி, நாளைக்கு 24. இனி வருவது நான் ஒரு பேச்சுக்குப் போடும் எண்கள். எந்த நிறுவனத்தின் பேரேடும் அல்ல. சென்சார் எல்லாம் சேர்த்து ஒரு கார் ஒன்றரை லட்சம் டாலர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் உழைத்தால் வாரத்துக்கு 577 டாலர். ஒரு சவாரிக்கு மூன்றரை டாலர்கூட இல்லை. இப்போது ஆள் செலவு. டிரைவர் வைத்து ஓட்டினால், மணிக்கு 25 டாலர், மணிக்கு இரண்டு சவாரி என்று வைத்தால் சவாரிக்கு 12.50. மிச்சப்படுத்த நினைத்த தொகை இதுதான்.

2023-இல் ஜெனரல் மோட்டார்ஸின் தானோட்டி டாக்ஸி நிறுவனமான க்ரூஸ் எப்படி ஓடியது என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது: ஒரு காருக்கு ஒன்றரை ஊழியர். இரண்டரை முதல் ஐந்து மைலுக்கு ஒருமுறை அந்த ஊழியர்களில் யாரோ எங்கிருந்தோ தலையிட வேண்டியிருந்தது. அந்த ஒன்றரைப் பேருக்கும் அதே 25 டாலர் கூலி, வாரம் 40 மணி நேரம் என்று போட்டால் ஒரு காருக்கு வாரம் 1,500 டாலர். சவாரிக்கு 9 டாலர். அதுவும் வேமோ அளவுக்குச் சவாரி கிடைத்தால். முன்னிருக்கையில் இருந்து எழுப்பி அனுப்பிய கூலி, பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது. பத்துக் காருக்கு ஒரு ஊழியர் என்ற நிலையை எட்டினால் இதே செலவு சவாரிக்கு 60 சென்ட் ஆகும். விலை குறைந்த லைடார் வந்தால் தொழில் நிலைத்துவிடும் என்று அந்த நாளில் பேசியவர்கள் தப்பான வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பேன். ஒரு ஆள் எத்தனை காரைப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற ஒரே எண்ணில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது.

தூரத்தில் இருந்து உதவுவது என்றால் யாரோ வீடியோ கேம் மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்புகிறார் என்று நினைக்க வேண்டாம். வேமோவின் முறையில் கார்தான் கேள்வி கேட்கும். ‘எதிரே நிற்கும் லாரி நகருமா, சுற்றிப் போகலாமா?’ என்ற ரகம். கேமராப் படத்தைப் பார்த்து ஆள் ஒரு யோசனை சொல்வார், ஓட்டுவது காரேதான். இது சாதாரண நாளில் நன்றாக ஓடும். 2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்வெட்டு. சிக்னல்கள் அணைந்தன. அணைந்த சிக்னலை, எல்லாப் பக்கமும் நின்று முறைவைத்துப் போகும் நாற்சந்தியாகக் கருதிக் கடக்க அந்தக் கார்களுக்குத் தெரியும். பல ஆயிரம் சந்திப்புகளை அன்று கடக்கவும் செய்தன. ஆனால் சந்தேகம் வந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தது. எல்லாக் காருக்கும் ஒரே நேரத்தில் சந்தேகம் வந்தது. பதில் வரத் தாமதமாக, நடுச்சந்தியிலேயே சில கார்கள் நின்றுவிட்டன. சேவையை நிறுத்திவைத்தார்கள். சாதாரண நாளின் சராசரியை வைத்து ஆள் போட்டால் இப்படி ஆகும். ஒரு நாள் கூத்துக்காக ஆள் வைத்திருந்தால் கணக்கு உதைக்கும்.

க்ரூஸின் கதைக்குத் திரும்புகிறேன், அதில் இன்னொரு செலவு இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியா ஆணையம் வேமோவுக்கும் க்ரூஸுக்கும் சான் பிரான்சிஸ்கோவில் 24 மணி நேரமும் காசு வாங்கி ஓட்ட அனுமதித்தது. தீயணைப்புத் துறை எதிர்த்தது. சாலையில் வைக்கும் போக்குவரத்துக் கூம்புகளை எடுத்து பானெட் மேல் வைத்து கார்களை முடக்கும் இளைஞர்கள் வேறு. க்ரூஸ் அவசரத்தில் இருந்தது, ஊருக்கு ஊர் விரிந்துகொண்டிருந்தது. அக்டோபர் 2 இரவு மனிதர் ஓட்டிய வேறொரு கார் ஒரு பெண்ணை இடித்துத் தூக்கி எறிய, அவர் க்ரூஸ் காரின் முன்னால் விழுந்தார். அதுவும் மோதி நின்றது. அதுவரை பழி பெரும்பாலும் அந்த இன்னொரு காரின் மேல்தான். ஆனால் கார் பிறகு ‘ஓரமாக ஒதுங்கு’ என்ற தன் விதிப்படி, அடியில் அவர் சிக்கியிருப்பது தெரியாமல், சுமார் 6 மீட்டர் இழுத்துக்கொண்டு போனது.

மறுநாள் அதிகாரிகளுடன் கூட்டம். க்ரூஸ் பின்னர் நியமித்த வழக்கறிஞர் நிறுவனத்தின் அறிக்கை அந்தக் கூட்டங்களை விவரிக்கிறது. வீடியோவைப் போட்டுக் காட்டுவோம், அதுவே பேசட்டும் என்று ஊழியர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். இணைய இணைப்போ திக்கித் திக்கி ஓடியது. இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகள் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்படி நடந்தது என்று வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னவர் யாரும் இல்லை. அக்டோபர் 24 அன்று மோட்டார் வாகனத் துறை பெர்மிட்டை நிறுத்தியது. சுமார் 950 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நிறுவனர் கைல் வோக்ட் நவம்பரில் பதவி விலகினார். விபத்தைப் பற்றித் தவறான அறிக்கை கொடுத்ததற்கு அடுத்த வருடம் ஐந்து லட்சம் டாலர் குற்ற அபராதம். 2024 டிசம்பரில், ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கொட்டிய பிறகு, ரோபோ டாக்ஸிக்கு இனிக் காசு இல்லை என்று ஜெனரல் மோட்டார்ஸ் கையை உதறியது. தொழில் திட்டத்தில் ‘அரசு உறவு’ என்று கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதுவது வழக்கம். மொத்தச் சொத்தும் அந்த நாலு வரியில் இருந்தது.

பாதுகாப்பை எப்படி நிரூபிப்பது என்பதும் காசு விஷயம்தான். அமெரிக்காவில் 10 கோடி மைலுக்குச் சுமார் 1.09 சாலை மரணம் என்பது 2013-இன் கணக்கு. அதைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஒரு மரணமும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-இல் கணக்கிட்டது. நூறு கார், இரவு பகலாக, மணிக்கு 25 மைல் வேகத்தில்: பன்னிரண்டரை வருடம். அந்தப் பன்னிரண்டரை வருடத்துக்குள் மென்பொருளை ஒருமுறை மாற்றினாலும் எண்ணிக்கையை மறுபடி தொடங்க வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆகவே சாலை மைலோடு கணினிக்குள் ஓட்டும் போலி மைல்களும், மரணத்துக்குப் பதிலாகச் சின்ன மோதல்களின் கணக்கும் சாட்சிக்கு வந்தன. எனக்கு அதிகம் நம்பிக்கை தந்தது இன்சூரன்ஸ்காரரின் கணக்கு. 2024 டிசம்பரில் ஸ்விஸ் ரீ என்ற காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து வேமோ வெளியிட்ட ஆய்வில், 2.53 கோடி மைலில் உடைமைச் சேதக் கிளெய்ம்கள் மனித ஓட்டுநரைவிட 88 சதவீதமும், காயத்துக்கான கிளெய்ம்கள் 92 சதவீதமும் குறைவு. ஆய்வில் வேமோவின் கையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் கிளெய்ம் என்பது யாரோ பணம் கேட்டு வந்த எண்ணிக்கை. அதில் அழகுபடுத்த இடம் குறைவு.

இத்தனைக்கும் பிறகு காலம் என்ற செலவு. ஆர்கோ ஏஐ என்ற தானோட்டிக் கார் நிறுவனத்துக்குக் குறை என்று பெரிதாக எதையும் சொல்ல முடியாது. 2017-இல் ஃபோர்டு நூறு கோடி டாலர் ஒதுக்கியது. பின்னால் ஃபோக்ஸ்வாகனும் வந்தது. 2022 அக்டோபரில் மூடினார்கள். சுமார் 270 கோடி டாலரை ஃபோர்டு நஷ்டக் கணக்கில் எழுதியது. முழுத் தானோட்டல் லாபத்தோடு பெரிய அளவில் வர இன்னும் வெகுகாலம் ஆகும், அதை நாமே உருவாக்கத் தேவையில்லை என்று ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி விளக்கினார். கார் விற்றுக் காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரருக்குப் பதில் சொல்லும் கம்பெனிக்கு அது நியாயமான முடிவுதான். ஆல்ஃபபெட்டின் ‘இதர முயற்சிகள்’ பிரிவு, வேமோவும் வேறு சிலவும் சேர்ந்தது, 2024-இல் மட்டும் 440 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. தேடுபொறி விளம்பரம் அதை ஜீரணித்தது. ஃபோர்டிடம் அப்படிப்பட்ட வயிறு இல்லை.

அதனால்தான் இப்போது வேமோவே எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்வதில்லை. ஃபீனிக்ஸில் மூவ் என்ற நிறுவனம் கார்களைச் சார்ஜ் போட்டு, கழுவி, பழுது பார்க்கிறது. ஆஸ்டினிலும் அட்லாண்டாவிலும் சவாரி பிடித்துத் தருவதும் டிப்போவைப் பார்ப்பதும் ஊபர். ஆமாம், அதே ஊபர்தான். 2017-இல் ரகசியங்களைத் திருடியதாக வேமோ வழக்குப் போட, அடுத்த ஆண்டு சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்கைக் கொடுத்துச் சமாதானம் ஆன ஊபர்.

டிப்போவுக்கு ஆள் கிடைத்தார்கள், தூரத்தில் இருந்து பதில் சொல்ல ஆள் கிடைத்தார்கள். ஒரு சின்ன வேலை மட்டும் யார் கணக்கிலும் வராமல் இருந்தது. ஜாகுவாரின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது. இறங்கிய பயணி கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டால், சென்சார்களும் கணினியும் பொருத்திய அந்தக் கார் எச்சரிக்கை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். புதிய வண்டியில் தானே நகரும் கதவு வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளுக்காக, சில ஊர்களில் அக்கம்பக்கத்தில் இருக்கும் யாரையாவது செயலி வழியாகக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, போய்க் கதவைச் சாத்தச் சொல்ல வேண்டியிருந்தது.